அம்மா என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்

“இன்னைக்கே என்னை உங்க அம்மாகிட்ட கூட்டிட்டுப் போ.”

மியென் இதைச் சொன்னபோது தோமோயாவின் வாயில் சோறு இருந்தது. மென்றான். விழுங்கினான். தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். பதில் சொல்லாமல் இருக்க ஒரு மனிதனுக்கு இத்தனை வேலைகள் உண்டு என்பதை அவள் அவனோடு வாழ்ந்துதான் தெரிந்துகொண்டாள்.

கேட்கவே கூடாது என்று அவன் சொல்லி வைத்திருந்த ஒன்று அது. போன ஜூலையில், ஆபீஸ் சாப்பாட்டு இடைவேளையில் வார்டு அலுவலகம் போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்ததற்கு முந்தின நாள், அவன் ஒரே ஒரு வாக்குதான் கேட்டான். எது வேண்டுமானாலும் கேள், அம்மாவிடம் கூட்டிப் போ என்று மட்டும் கேட்காதே, நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றான். அவளும் சரி என்றாள். பிடித்தவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், பட்டம் வாங்கிய மூளையும் சரி என்றுதான் சொல்லித் தொலைக்கிறது.

எட்டு மாதம் ஆகிவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வந்தபாடில்லை.

அவளுக்கோ நேரமே இல்லை. அமகசாகியில் அவள் வேலை பார்த்த திருகாணிக் கம்பெனி இழுத்து மூடி இரண்டு மாதம் ஆகிறது. வேலைக்கான விசா இன்னும் பதினோரு நாளில் முடிகிறது. அதற்குள், இன்னாருடைய மனைவி என்ற முறையில் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால், படிக்க வந்து, படித்து, வேலை பார்த்து வாழ்ந்த ஒன்பது வருடமும் ஒரு பெட்டிக்குள் அடங்கி வியட்நாமுக்கு விமானம் ஏறும்.

சனிக்கிழமை காலை. மேசையின் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கிண்ணங்கள், மறுபக்கம் விண்ணப்பக் கட்டு. அதில் ஒரு கேள்வித்தாள் மட்டும் எட்டுப் பக்கம். முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தது, எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள். எல்லாவற்றையும் மியென்தான் எழுதினாள். அவள் கையெழுத்து அவனுடையதைவிட அழகு. துணி துவைக்கும் கடையில் அவன் தவறுதலாக அவளுடைய துணிமூட்டையை எடுத்துப் போனதை அரைப் பக்கம் எழுதியிருந்தாள். கல்யாண விருந்து நடந்த இடம்: ஊதோன் நூடுல்ஸ் கடை. வந்தவர்கள்: நாலு பேர். அந்த நாலில் இரண்டு பேர் மாப்பிள்ளையும் பொண்ணும்.

எல்லாம் சரியாகத்தான் போனது, உறவினர் பக்கம் வரும்வரை.

‘இந்தத் திருமணத்தை அறிந்த உறவினர்களை வட்டமிடவும்.’ இரண்டு வரிசை. அவள் வரிசையில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லோருக்கும் வட்டம். அவள் சொந்த ஊரான சா ஹுயினின் உப்பளத்தில் அப்பா பாத்தி பாத்தியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர். இடம் இருந்தால் உப்பளத்தையே வட்டமிட்டிருக்கலாம்.

அவன் வரிசையில் ஒன்றுமில்லை. அவன் ஒற்றைப் பிள்ளை. இருப்பது இரண்டே சொற்கள்: அப்பா, அம்மா.

“அப்பாவுக்குப் போட்டுக்கோ,” என்றான் தோமோயா, ஒருவழியாக.

“உங்கப்பா செத்து ஆறு வருஷமாச்சு.”

“ஆகஸ்ட்ல கல்லறைக்குப் போனப்ப சொல்லிட்டேன்.”

விளையாடுகிறானா என்று பார்த்தாள். இல்லை.

“செத்தவருக்குத் தெரியும், உசிரோட இருக்கறவங்களுக்குத் தெரியாது. இதைக் குடியேற்ற ஆபீஸ்ல படிச்சா நம்மள எங்க அனுப்புவாங்க தெரியுமா? என்னை வியட்நாமுக்கு. உன்னை ஆஸ்பத்திரிக்கு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

“சரி, அம்மாவுக்கும் போட்டுடு. யாரு போன் பண்ணிக் கேட்கப் போறாங்க?”

மியென் பேனாவை மூடி வைத்தாள். எழுதியதெல்லாம் உண்மை என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் போகிறவன் அவன். பொய் பிடிபட்டால் விமானம் ஏறப் போகிறவள் அவள். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ‘போட்டுடு’ என்றான்.

அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், திடீரென்று சொன்னால் தாங்க மாட்டார் என்று பழைய பாட்டை எடுத்தான். இப்போது மீன் சீசன் வேறு, வீடே அமளியாக இருக்கும் என்றான்.

மீன். மார்ச் வந்தால், அவன் ஊரான அகாஷிப் பக்கத்து அம்மாக்களுக்கெல்லாம் அந்த ஒரே வேலை. கரையில் வந்து இறங்கும் பொடி மீனை வரிசையில் நின்று வாங்கி, சோயாவும் சர்க்கரையும் இஞ்சியும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, பெட்டி பெட்டியாக அடைத்துச் சொந்தபந்தங்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். பெட்டி வந்தால் நீ உறவு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

தோமோயாவுக்கு வருடா வருடம் ஒரு பெட்டி வரும். இந்த வருடம், இரண்டு வாரத்துக்கு முன்னால், இரண்டு வந்தது. மீன் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் இரண்டு. மியென் வெளியே போயிருந்த நேரம் அவன்தான் பிரித்தான். சின்னப் பெட்டியின் மூடியில் ஒரு நீள்சதுரப் பசைத் தடம் இருந்தது. கேட்டபோது விலைச்சீட்டு என்றான். இன்று காலையும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது பசை அவள் விரலில் ஒட்டியது.

“எங்கப்பா இன்னைக்குக் கூப்பிடுவார்,” என்றாள். “ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பந்தியம்மா முகத்தைக் காட்டுங்கறார். தூங்கறாங்க, கடைக்குப் போயிருக்காங்க, தலைவலின்னு முப்பது பொய் சொல்லியாச்சு. எங்க ஊர்ல இப்ப உங்கம்மாவை நோயாளின்னு நெனைக்கறாங்க. எங்கம்மா கோயில்ல வேண்டிக்கிட்டு வந்திருக்கா.”

அவன் கிண்ணத்தைப் பார்த்தான்.

மியென் காகிதக் கட்டை உறையில் போட்டாள். அலமாரியில் மடித்து வைத்திருந்த பார்சல் தாளை எடுத்தாள். அனுப்பியவர் முகவரி அதில் இருந்தது. நீ வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டாள். போகாதே, கொஞ்சம் கேள் என்றான் அவன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ரயிலில் முப்பது நிமிடம். நடை பத்து நிமிடம். எட்டு மாதமாக அவளுக்கும் அந்த வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் கடல் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தாள். வணக்கம், நான் உங்கள் மருமகள். வணக்கம், உட்கார்ந்துகொள்ளுங்கள், அதிர்ச்சியாகாதீர்கள். ஆம்புலன்ஸ் எண்ணைக்கூட ஒருமுறை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் துண்டு, கையில் நீளமான மரக்கரண்டி. பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பது வருடம் அண்டா கிளறிய தோள். உள்ளேயிருந்து இஞ்சி வாசனை தெருவரை அடித்தது.

தோமோயாவின் அம்மா மிசாயோ அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

“மியென்தானே?”

மனசுக்குள் எழுதி வைத்த எல்லா வாக்கியமும் காணாமல் போனது. தலையை ஆட்டினாள்.

“உள்ள வா. அடுப்புல இருக்கு, அடி பிடிச்சுடும்.”

வாசலில் செருப்பைக் கழற்றியவள், முறைப்படி அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கக் குனிந்தாள். மிசாயோ கரண்டியாலேயே தடுத்தார்.

“விடு. வெளியாளா நீ?”

செருப்பு வீட்டைப் பார்த்தபடியே கிடந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து மிசாயோ தேநீர் ஊற்றினார். அறையின் மூலையில் பூஜை மாடம், அதில் தோமோயாவின் மூக்கோடு ஒரு மனிதரின் படம், முன்னால் சின்னத் தட்டில் இந்த வருட மீன். மிசாயோ மாடத்தின் கீழ் இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

அது குடும்பப் பதிவேட்டின் நகல். வீடு இன்னும் செத்துப்போன கணவர் பெயரிலேயே இருந்தது, மாற்றியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். அதற்காக நவம்பரில் இந்த நகலை வாங்கப் போயிருக்கிறார்.

“தோமோயா பேருக்குப் பக்கத்துல ‘நீக்கம்’னு இருந்துச்சு. செத்தவங்களுக்கும் அப்படித்தான் போடுவாங்க, இவரு பேருக்கும் அதேதான். முந்தின ஞாயித்துக்கிழமைதான பேசினான்னு நெனச்சுக்கிட்டே கீழ படிக்கறேன். கல்யாணமாகித் தனிப் பதிவேட்டுக்குப் போயிருக்கான். ஜூலை மாசம். உன் பேரு, உன் தேசம்.” மிசாயோ கோப்பையைக் கையில் உருட்டினார். “கவுன்ட்டர்ல இருந்த பொண்ணும் அதைப் பார்த்துட்டு வாழ்த்துகள்னு சொன்னா. நானும் நன்றின்னேன். வேற என்ன சொல்றது?”

உங்களுக்கு நெஞ்சு பலவீனம் என்று சொன்னாரே என்றாள் மியென், மெதுவாக.

“எனக்கா? யாரு சொன்னா, அவனா?” மிசாயோ சிரித்தார். சிரிப்பு கசந்தது. “என் நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. அவனுக்குத்தான் அது கெடையாது.”

அவருக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒரே கடற்கரையில் முப்பது நிமிட தூரத்தில் இருந்துகொண்டு, நீயாவது ஒருநாள் வந்து கதவைத் தட்டியிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். மியென் தலை குனிந்துகொண்டாள். கேட்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்தேன் என்பது சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக ஒலித்தது.

“அவனே சொல்லட்டும்னு இருந்தேன். புது வருஷத்துக்கு வந்தான். மூணு நாள் தின்னுட்டுத் தூங்கிட்டுப் போனான். வாயத் தெறக்கல. சரி, நானே கதவத் தெறந்து வைப்போம்னுதான் மீன் அனுப்பினேன்.” நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். “சின்னப் பெட்டி உனக்கு. மூடி மேல பேர் எழுதி ஒட்டியிருந்தேனே. கெடைச்சதுன்னு ஒரு போன் வரும்னு ரெண்டு வாரமா ஒக்காந்திருக்கேன். வரல. இந்தப் பொண்ணுக்கு நம்ம உறவு வேணாம் போலன்னு முடிவே பண்ணிட்டேன்.”

அந்த ஊரில் மிட்டாய் கொடுத்தாலும் அன்றே நன்றி சொல்லிப் போன் வரும். அனுப்பிய மீனுக்குப் போன் வராமல் போவது முகத்தில் கதவைச் சாத்துவது போல. மியெனுக்கு அது தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். காலையில் ஒட்டிய பசை நகத்தோரம் கறுப்பாக இன்னும் இருந்தது.

“பேர் ஒட்டியிருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மிசாயோ அந்த முகத்தைப் படித்துவிட்டார். எழுந்து போய் சுண்டக் காய்ச்சிய மீனும் சோறும் எடுத்து வந்து, தின்னு என்றார். இருவரும் தின்றார்கள். எட்டு மாதமாக ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்த இரண்டு பெண்களுக்கு, தின்பதுதான் அப்போது முடிந்தது.

இரண்டு மணிக்கு வாசலில் சாவி திரும்பியது.

“வந்துட்டேன்,” என்றான் தோமோயா, சின்ன வயதிலிருந்து சொன்ன அதே குரலில். உள்ளே வந்தான். அம்மா, மனைவி, மேசையில் பதிவேட்டு நகல். மூன்றையும் பார்த்தான். அப்படியே முட்டி மடக்கி உட்கார்ந்தான்.

மிசாயோ திட்டவில்லை. மூன்றாவது கோப்பையை வைத்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

“அந்தச் சீட்டை எங்க போட்ட?” என்று கேட்டாள் மியென்.

எந்தச் சீட்டு என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால்கூடக் கோபப்பட்டுச் சண்டை போட்டு அழுது, எப்படியோ வீட்டுக்குப் போயிருப்பாள். அவன் கேட்கவில்லை.

“குப்பையில.”

“உங்கம்மாவுக்குத் தெரியும்னு அன்னைக்கே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இன்னைக்குக் காலையில நெஞ்சு பலவீனம்னு சொன்ன.”

அவன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். அம்மாவுக்காகப் பயப்படவில்லை என்றான். அக்கம்பக்கத்துக்காகவும் இல்லையாம்.

“எனக்கே தெரியல. உன் கூட இருக்கறப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க வந்து சொல்லிட்டா…” நிறுத்தினான். “சொல்லிட்டா நெஜமாயிடும்.”



துணி துவைக்கும் கடையில் மூட்டையை மாற்றி எடுத்தவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கஞ்சி வைத்தவன். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் அவளுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மிசாயோதான் முதலில் அசைந்தார். மியெனின் பையிலிருந்து எட்டிப் பார்த்த உறையைக் காட்டி, அதுதானா என்று கேட்டார். மியென் எடுத்துக் கொடுத்தாள். மிசாயோ கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். துணிமூட்டை வந்த இடத்தில் உதடு லேசாக விரிந்தது. உறவினர் பக்கத்தில் நின்றார். பேனாவைத் திறந்து, ‘அம்மா’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நிதானமாக, இரண்டு முனையும் சேரும்படி.

“போட்டாச்சு,” என்றார்.

தோமோயாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. மூச்சு விட்டான். காகிதக் கட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ‘மேற்கண்ட யாவும் உண்மை’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமை லீவு போடுகிறேன், நானே கூட வருகிறேன், வரிசையில் நானே நிற்கிறேன் என்று மடமடவென்று பேசினான். பரீட்சை முடிந்த பையன் மாதிரி இருந்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

மியென் அந்தக் கட்டைப் பார்த்தாள். எட்டுப் பக்கமும் நிறைந்துவிட்டது. ஒரு கட்டம் காலியில்லை. ஒரு வரி பொய்யில்லை. இந்த நாட்டில் எந்த அதிகாரியும் இதில் குறை கண்டுபிடிக்க முடியாது. மூடியில் ஒட்டியிருந்த உன் பெயரை அவன் நகத்தால் கிழித்தானா, சுரண்டினானா என்று கேட்க அதில் ஒரு கேள்வி இல்லை.

அவன் ‘குப்பையில’ என்றபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அந்த வட்டத்துக்காக. அதை ஒருத்தர் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

எழுந்தாள்.

“கெளம்பலாமா?” என்றான் தோமோயா. “இரு, காகிதத்தை மறந்துட்டியே.”

“மறக்கல.”

அவனுக்குப் புரிய நேரமெடுத்தது. புரிந்த பிறகும் அவன் பார்த்தது அவளை இல்லை, அம்மாவை. யாராவது பெரியவர் சொல்லி இவளை உட்கார வைப்பார் என்று. பதினோரு நாள்தான் இருக்கு மியென் என்றான். தெரியும் என்றாள். எங்கப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

மிசாயோ ‘இரு’ என்று சொல்லவில்லை. சமையலறைக்குள் போனார். சின்னப் பெட்டி ஒன்றோடு திரும்பி வந்தார். இன்னும் சூடு ஆறாத மீன். மூடியின் மேல் வெள்ளைச் சீட்டு, அதில் அப்போதுதான் எழுதிய அவள் பெயர், மை காயவில்லை.

மியென் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“நல்லா சாப்பிட்டேன், அம்மா,” என்றாள்.

இந்த முறை நன்றியை நேரிலேயே சொல்லியாகிவிட்டது. மிசாயோ வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

வாசலில் அவள் செருப்பு இன்னும் வீட்டைப் பார்த்தே கிடந்தது. பெட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொன்றாகத் தெருப்பக்கம் திருப்பினாள். பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. மணி மூன்று. சம்பந்தியம்மா முகத்தைக் காட்டு என்று கேட்க, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பின்னால் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அவனா, அம்மாவா என்று திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே போனாள்.